குடிலும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் நீதிமன்றத்தில்: அமெரிக்காவின் டிசம்பர் சண்டை

கேள்வி இதுதான். அமெரிக்காவுக்கு வந்து முதல் டிசம்பர். அலுவலகத்தில் 'ஹாலிடே பார்ட்டி' என்று மின்னஞ்சல் வருகிறது. கிறிஸ்துமஸ் என்ற சொல்லே அதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், "இந்த நாட்டில் கிறிஸ்துமஸையே ஒழிக்கப் பார்க்கிறார்கள், அரசுக் கட்டடத்தில் ஒரு குடில் வைக்கக்கூட விடுவதில்லை" என்று கொதிக்கிறார். வெளியே போனால் தெருவெல்லாம் விளக்கு, கடையெல்லாம் மரம். எது நிஜம்? 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று சொன்னால் தப்பாகிவிடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சொல்லலாம். எந்தச் சட்டமும் உங்கள் வாயை மூடவில்லை. டிசம்பர் 25 இங்கே அரசு விடுமுறை. தலைநகர் வாஷிங்டனில் வேலை பார்த்த மத்திய அரசு ஊழியர்களுக்காக 1870-ல் அதிபர் யுலிசீஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. சின்சினாட்டியைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர், இந்த விடுமுறையே அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்குப் போட்டுப் பார்த்தார். 1999-ல் அதைத் தள்ளுபடி செய்த நீதிபதி தீர்ப்பிலேயே எதுகை மோனையோடு ஒரு செய்யுள் எழுதிவைத்தார். மேல்முறையீட்டிலும் வழக்கு நிற்கவில்லை. அமெரிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏதோ ஒரு வகையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கு சொல்கிறது. இவ்வளவு பெரிய பண்டிகையை ஒழித்துவிடுவார்கள் என்றால் சிரிப்புதான் வரும்.

ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காற்றில் இருந்து கதை பிடிக்கவில்லை. அரசுக் கட்டடத்தில் வைத்த குடிலை நீதிமன்றம் எடுக்கச் சொன்னது நடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவன் மிட்டாய் வடிவப் பேனா கொடுத்ததற்கு வருடக்கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது. அவர் சொல்வதில் பாதி நிஜம். அந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791-ல் வந்தது. மதத்தைப் பற்றி அதில் இருப்பது ஒரே வாக்கியம், இரண்டு கட்டளை: அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது; யாருடைய மத அனுசரிப்பையும் தடுக்கக் கூடாது. மற்ற பதினொரு மாதமும் இந்த இரண்டும் ஒன்றையொன்று பெரிதாக உரசிக்கொள்வதில்லை. டிசம்பர் வந்ததும் முட்டிக்கொள்கின்றன. நகராட்சி குடில் வைத்தால் முதல் கட்டளை மீறப்பட்டது என்று ஒரு தரப்பு கிளம்பும். வைக்காவிட்டால் இரண்டாவது மீறப்பட்டது என்று இன்னொரு தரப்பு கிளம்பும். இந்த வழக்குகளைப் படிக்கும்போது நான் கையில் வைத்துக்கொள்ளும் சாவி ஒன்றுதான்: பேசுவது யார்? குடில் அங்கே நிற்கிறது என்றால் அதை நிறுத்தி வைத்தது யார், நிலம் யாருடையது, காசு யாருடையது? தனி மனிதரோ தேவாலயமோ கடையோ பேசினால் அநேகமாகத் தடையே இல்லை. அரசு பேசினால்தான் சிக்கல். சண்டை போடுகிற இரண்டு தரப்புமே இந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பேசுவதால்தான் வருடா வருடம் அதே குழப்பம்.

இதற்கு முன்னால் ஒரு பழைய கதை. அமெரிக்க மண்ணில் கிறிஸ்துமஸுக்கு நிஜமாகவே தடை போட்டவர்கள் இருந்தார்கள். நாத்திகர்கள் இல்லை, மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். 1659-ல் அவர்கள் போட்ட சட்டப்படி, டிசம்பர் 25 அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாலோ விருந்து வைத்தாலோ 5 ஷில்லிங் அபராதம். இயேசு அந்தத் தேதியில் பிறந்தார் என்று பைபிளில் எங்கேயும் இல்லை, இது ரோமாபுரிக் கத்தோலிக்கர்கள் கொண்டுவந்த பழக்கம், அந்த நாளில் ஜனங்கள் குடித்துக் கூத்தடிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். 1681-ல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 'கிறிஸ்துமஸ் மீதான போர்' என்று இன்று தொலைக்காட்சியில் முழங்குகிறவர்கள் இந்தப் போரை மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. 'அரசுக்கும் மதத்துக்கும் நடுவே ஒரு சுவர்' என்ற வாசகத்தை நாத்திகர்களின் கோஷம் என்று பலர் நினைக்கிறார்கள். 1802-ல் அதிபர் தாமஸ் ஜெபர்சன் ஒரு கடிதத்தில் எழுதியது அது. யாருக்கு? கனெக்டிகட் மாநிலத்து பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு. வேறொரு சபைக்கு அரசு ஆதரவு இருந்த மாநிலத்தில் சிறுபான்மையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். அரசு நம் வழிபாட்டில் கை வைத்துவிடுமோ என்ற பயத்தில் எழுதிக் கேட்டார்கள், ஜெபர்சன் பதில் எழுதினார். சுவர் வேண்டும் என்று முதலில் தவித்தது பக்திமான்கள்தான்.

சரி, குடிலுக்கு வருவோம். இந்த விஷயத்தில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாடக்கெட் என்ற சின்ன ஊர். அங்கே கடைவீதியை ஒட்டி ஒரு பூங்கா. பூங்கா ஒரு லாப நோக்கமற்ற அமைப்புக்குச் சொந்தம், அலங்காரம் நகராட்சியுடையது. வருடா வருடம் அங்கே என்னவெல்லாம் வைப்பார்கள் என்று தீர்ப்பில் பட்டியலே இருக்கிறது: கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு, அவருடைய வண்டியை இழுக்கும் மான்கள், மிட்டாய்க் கோடு போட்ட கம்பங்கள், ஒரு கிறிஸ்துமஸ் மரம், பாட்டுக்காரர்கள், நூற்றுக்கணக்கான வண்ண விளக்குகள், ஒரு கோமாளி, ஒரு யானை, ஒரு கரடி பொம்மை, 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' என்று ஒரு பதாகை. இதற்கெல்லாம் நடுவில் குடில். குழந்தை இயேசு, மரியாள், சூசையப்பர், தேவதூதர்கள், இடையர்கள், ராஜாக்கள், ஆடு மாடு. 5 அங்குலத்தில் இருந்து 5 அடி வரைக்கும் உயரம். 1973-ல் நகராட்சி இந்தக் குடிலை 1,365 டாலருக்கு வாங்கியது. வழக்கு வந்தபோது அதன் மதிப்பு 200 டாலர். ஏற்றி இறக்க வருடத்துக்குச் சுமார் 20 டாலர் செலவு.

இந்த 20 டாலர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழே இரண்டு நீதிமன்றங்களும் குடில் கூடாது என்றன. 1984-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் திருப்பிப் போட்டது, குடில் இருக்கலாம். தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம்: குடிலைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் பார்க்கக் கூடாது, மொத்த அலங்காரத்தோடு சேர்த்துப் பாருங்கள், ஒரு பண்டிகைக் காலத்தை நகராட்சி கொண்டாடுகிறது, அந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

பக்தர்கள் தரப்பு பட்டாசு வெடிக்காத குறை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஜெயித்தது என்ன? குடில் ஏன் அங்கே நிற்கலாம்? பக்கத்தில் யானையும் கோமாளியும் இருப்பதால். கடவுள் மனிதனாகப் பிறந்த காட்சி என்று விசுவாசிகள் கும்பிடுகிற ஒன்று, கரடி பொம்மையோடு சேர்ந்தால் மதச் சின்னமாக உறுத்தாது என்பதால். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். வியாபாரத்துக்கு உதவுகிற, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் பருவகால அடையாளமாகக் குடிலைக் குறுக்கிவிட்டீர்கள்; நகராட்சிக்குக் கிடைத்தது தோல்வியைப் போன்ற வெற்றி என்கிற பொருள்பட எழுதினார். என்னைக் கேட்டால், இந்தச் சண்டை முழுவதிலும் ஆகக் கூர்மையான வரி அதுதான். குடிலைக் காப்பாற்ற வந்த வக்கீல்கள், அதில் மதம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று வாதாட வேண்டியிருந்தது. குடிலை எடுக்கச் சொன்ன நீதிபதிதான் அதன் புனிதத்தைப் பற்றிப் பேசினார்.

அதே வழக்கில் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். அரசு ஒரு மதத்தை ஆமோதிப்பதாகத் தெரிந்தால், அந்த மதத்தில் இல்லாதவனுக்கு 'நீ வெளியாள்' என்ற செய்தி போகிறது. அது கூடாது என்பது அவர் வைத்த உரைகல். ஐந்து வருடம் கழித்து பிட்ஸ்பர்க்கில் அந்த உரைகல்லைத்தான் எடுத்து உரசினார்கள்.

பிட்ஸ்பர்க்கில் இரண்டு காட்சிகள். அலெகெனி மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில், ஒரு கத்தோலிக்கச் சங்கம் கொடுத்த குடில். மேலே தேவதூதர் கையில் 'உன்னதத்தில் கடவுளுக்கு மகிமை' என்று லத்தீனில் பதாகை. சுற்றிலும் பூந்தொட்டிகள், கோமாளியும் இல்லை, மானும் இல்லை. இன்னொரு பக்கம், நகர அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே 45 அடி கிறிஸ்துமஸ் மரம், அதன் பக்கத்தில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கான விளக்குத் தண்டு, 18 அடி மெனோரா. கீழே மேயர் பெயரில் ஒரு பலகை, சுதந்திரத்துக்கு வணக்கம் சொல்லி. 1989-ல் தீர்ப்பு: படிக்கட்டுக் குடில் கூடாது, 5-க்கு 4. மரத்தோடு நிற்கும் மெனோரா இருக்கலாம், 6-க்கு 3. குடில் தனியாக, அரசின் வாசலில், அரசே கடவுளைத் துதிப்பது போல நின்றது. மெனோரா மரத்தோடு சேர்ந்து பொதுவான குளிர்காலக் கொண்டாட்டமாக மாறிவிட்டது என்பது விளக்கம். முன்பு எதிர்த்து எழுதிய பிளாக்மன்தான் இந்தத் தடவை முதன்மைத் தீர்ப்பை எழுதினார். இந்த முறை எதிர்த்து எழுதிய நீதிபதி அந்தோனி கென்னடி, இப்படியே போனால் உள்ளுணர்வையும் அளவு நாடாவையும் வைத்துக்கொண்டுதான் வழக்குகளைத் தீர்க்க வேண்டியிருக்கும் என்று குத்தினார். வக்கீல்கள் இதற்கு 'பிளாஸ்டிக் மான் விதி' என்று கேலிப் பெயரே வைத்தார்கள். குடில் வைக்க வேண்டுமா, கூடவே ஒரு மானையும் தாத்தாவையும் வாங்கிப் போடு. எத்தனையோ நகராட்சிகள் அப்படித்தான் செய்தன.

யூதர்கள் எல்லோரும் இதில் சந்தோஷப்பட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொது இடத்தில் பெரிய மெனோரா ஏற்றுகிற பழக்கத்தை 1974-ல் பிலடெல்பியாவில் தொடங்கி வைத்தது சபாட் என்ற யூத இயக்கம். அமெரிக்க யூதக் காங்கிரஸ் போன்ற பழைய அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. நம் மெனோராவை அரசு நிலத்தில் வைத்தால் நாளைக்கு அவர்கள் சிலுவையை வைக்கும்போது எந்த வாயால் எதிர்ப்பது என்று கேட்டன. ஆகவே இதைக் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடக்கும் சண்டை என்று பார்த்தால் பாதி புரியாமல் போய்விடும். ஒவ்வொரு மதத்துக்கு உள்ளேயும் இதே கோடு ஓடுகிறது.

இதுவரை சொன்னது அரசு பேசினால். அரசு தன் நிலத்தைப் பொதுமேடையாகத் திறந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றால்? அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. 1993 டிசம்பரில் ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில், சட்டமன்றச் சதுக்கத்தில் மரமும் மெனோராவும் இருந்தன. கூ கிளக்ஸ் கிளான் ஒரு சிலுவை வைக்க அனுமதி கேட்டது. கறுப்பின மக்களைக் கொன்று குவித்த வரலாறு உள்ள கும்பல். அதிகாரிகள் மறுத்தார்கள். 1995-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று கிளான் பக்கம் தீர்ப்புச் சொன்னது. திறந்த மேடை என்றால் எல்லோருக்கும் திறந்ததுதான். பேசுவது அரசு இல்லை, தனியார். பிடிக்காத ஆள் என்பதற்காகக் கதவைச் சாத்த முடியாது.

அந்தக் கதவு வழியாக யார் யாரோ வந்தார்கள். வாஷிங்டன் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் 2008-ல், குடிலுக்குப் பக்கத்தில் ஒரு நாத்திக அமைப்பு, மதம் வெறும் கட்டுக்கதை, மூடநம்பிக்கை என்று பலகை வைத்தது. அந்தப் பலகை திருட்டுப் போய், பிறகு கிடைத்தது. அதைப் பார்த்து இன்னும் பலர் விண்ணப்பம் போட, மாநில அரசு புதிய அனுமதி கொடுப்பதையே நிறுத்தியது. புளோரிடாவின் டல்லஹாசியில் 2013-ல் சட்டமன்றக் கட்டடத்துக்கு உள்ளே குடில் வந்தது. பின்னாலேயே காலி பீர் டப்பாக்களை அடுக்கிச் செய்த ஒரு கம்பம் வந்தது. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்று பிரபலமாக்கிய கேலிப் பண்டிகையின் சின்னம் அது. அடுத்த வருடம் சாத்தான் ஆலயம் என்ற அமைப்பு, தேவதூதன் நெருப்பில் விழுகிற காட்சியை வைத்தது. முந்தைய வருடம் இதே அமைப்புக்கு அனுமதி மறுத்த அதிகாரிகள் இந்தத் தடவை வழக்குக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். 2023 டிசம்பரில் அயோவா சட்டமன்றத்தில் அவர்கள் வைத்த ஆட்டுத்தலைச் சிலையை ஒருவர் உடைத்துவிட்டுக் கைதானார்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது சான்டா மோனிகா கதைதான். கலிபோர்னியாவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பாலிசேட்ஸ் பூங்காவில் 1953-லிருந்து தேவாலயங்கள் ஆள் உயரக் குடில் காட்சிகள் வைத்து வந்தன. இயேசுவின் பிறப்புக் கதையை வரிசையாகச் சொல்லும் 14 காட்சிகள். 2011-ல் நாத்திகர்கள் நிறையப் பேர் விண்ணப்பித்ததால் நகராட்சி குலுக்கல் போட்டது. 21 இடங்களில் 18 அவர்களுக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் நகராட்சி, தனியார் யாருமே கூட ஆள் நிற்காமல் காட்சிகளை விட்டுவைக்கக் கூடாது என்று மொத்தமாக நிறுத்தியது. தேவாலயங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. சட்டப்படி தீர்ப்பு சரி. எல்லோரையும் சமமாகத்தான் வெளியே அனுப்பினார்கள். ஆனாலும் ஐம்பது அறுபது வருடமாக டிசம்பரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பூங்காவில் நடந்த குடும்பங்களுக்கு அது இழப்புதான். குடில்கள் ஒழிந்துவிடவில்லை, தனியார் இடத்துக்குப் போயின. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் இந்த மாதிரி இடத்தில் இருந்து வருவதாக இருந்தால் எனக்குப் புரிகிறது.

ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்கலாம்: காற்று இப்போது அவர் பக்கம் வீசுகிறது. 2019-ல் மேரிலாந்தில் அரசு நிலத்தில் நிற்கிற 40 அடி சிலுவை, முதல் உலகப் போர் நினைவுச் சின்னம், அப்படியே இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 சொன்னது. 2021-ல் இந்தியானாவில் ஒரு மாவட்ட நீதிமன்றப் புல்வெளியில் இருந்த குடிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. 2022-ல், விளையாட்டு முடிந்ததும் மைதானத்தில் முழங்காலிட்டு ஜெபித்த பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் வழக்கில், பழைய உரைகற்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இனிமேல் வரலாறும் மரபும்தான் அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அளவு நாடாவுக்கு இனி வேலை குறைவு. குடிலுக்குப் பக்கத்தில் மான் வேண்டுமா என்று கேட்டால், முன்னைப் போல அவசியம் இல்லை என்றுதான் தெரிகிறது.

பள்ளிக்கூடம் தனிக் கதை. பிள்ளைகள் சிறியவர்கள், கட்டாயம் வர வேண்டியவர்கள், டீச்சர் சொன்னால் அரசு சொன்ன மாதிரி. அதனால் அங்கே கோடு இன்னும் மெல்லியது. தெற்கு டகோட்டாவின் சூ பால்ஸில், பாலர் வகுப்பில் ஒரு கேள்வி பதில் நிகழ்ச்சி: டீச்சர் பாட்டாகக் கேட்க, பிள்ளைகள் 'இயேசு' என்று கோரஸாகப் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் புகார்கள் வந்தன. பள்ளி நிர்வாகம் புதிய விதி எழுதியது: மத விழாக்களைக் கலை, பண்பாடு என்ற முறையில், நிதானத்தோடும் பாரபட்சம் இல்லாமலும் காட்டலாம். அந்த விதியை எதிர்த்து வழக்கு வந்தது; 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ஏற்றது. ஆகவே பள்ளிக் கச்சேரியில் கிறிஸ்து பிறப்புப் பாடல் பாடலாம். பாடாமலும் இருக்கலாம்: மதப் பாடல்களே வேண்டாம் என்று நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி மாவட்டம் முடிவெடுத்ததை 2009-ல் இன்னொரு நீதிமன்றம் சரி என்றது.

மிட்டாய்ப் பேனா கதை 2003-ல் டெக்சஸின் பிளேனோவில் நடந்தது. வகுப்புப் பார்ட்டியில் ஒரு சிறுவன் நண்பர்களுக்குக் கொடுக்க வளைந்த மிட்டாய் வடிவப் பேனா கொண்டுவந்தான்; கூடவே அந்த மிட்டாயை இயேசுவோடு இணைத்துச் சொல்லும் ஒரு அட்டை. நிர்வாகம் தடுத்தது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவன் பேசினால் அது மாணவன் பேச்சு, மதம் என்பதற்காகத் தடுத்தது தப்பு என்றது. ஆனால் அன்றைக்குச் சட்டம் தெளிவாக இல்லாததால் தலைமையாசிரியர்கள் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. இங்கே பள்ளி நிர்வாகம் செய்தது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்குக்குப் பயந்து, சட்டம் கேட்காததையும் சேர்த்துத் தடை செய்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். 'ஒழிக்கப் பார்க்கிறார்கள்' என்கிற பேச்சுக்கு எண்ணெய் ஊற்றுவது பெரும்பாலும் இவர்கள்தான். 2013-ல் டெக்சஸ் 'மெர்ரி கிறிஸ்துமஸ் சட்டம்' என்றே ஒன்று போட்டு, ஆசிரியரும் மாணவரும் வாழ்த்துச் சொல்லலாம் என்று எழுதி வைத்தது. ஏற்கெனவே இருந்த உரிமைதான். பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல ஒரு சட்டம்.

அப்புறம், 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்பதா 'ஹாப்பி ஹாலிடேஸ்' என்பதா என்கிற அந்த வாழ்த்துச் சண்டை. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆர்வமில்லை, ஏனென்றால் இதில் சட்டமே இல்லை. 'ஹாலிடே' என்ற சொல்லே 'புனித நாள்' என்பதில் இருந்து வந்தது. கிறிஸ்துமஸை யாரோ திட்டமிட்டு ஒழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் புதிது இல்லை. 1920-களில் கார் முதலாளி ஹென்றி போர்டின் பத்திரிகை யூதர்கள் மீது இந்தப் பழியைப் போட்டது, 1959-ல் ஜான் பிர்ச் சங்கம் என்ற வலதுசாரி அமைப்பு கம்யூனிஸ்டுகள் மீதும் ஐ.நா. சபை மீதும் போட்டது. 2005-ல் பாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியின் தொகுப்பாளர்கள் அதை 'ஹாப்பி ஹாலிடேஸ்' சொல்லும் கடைகள் பக்கம் திருப்பினார்கள். வால்மார்ட் அடுத்த வருடமே 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று மாறிக்கொண்டது. 2005-ல்தான் அதிபர் ஜார்ஜ் புஷ் அனுப்பிய வெள்ளை மாளிகை வாழ்த்து அட்டை மீதும் கோபப்பட்டார்கள். அட்டையில் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் இருந்து ஒரு வசனமே அச்சாகியிருந்தது. கிறிஸ்துமஸ் என்ற சொல் இல்லை, அதுதான் குற்றம். 2015-ல் ஸ்டார்பக்ஸ் காபிக் கோப்பை வெறும் சிவப்பாக இருந்ததற்கு ஒரு சண்டை. அதற்குப் பிறகு டிரம்ப், தன்னால்தான் ஜனங்கள் மறுபடி 'மெர்ரி கிறிஸ்துமஸ்' சொல்கிறார்கள் என்று பேசினார். ஒபாமா அதே வார்த்தையைச் சொல்லும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. கடைக்காரர் எப்படி வாழ்த்த வேண்டும் என்று 2017-ல் பியூ கேட்டபோது 52 சதவீதம் பேர் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை என்றார்கள். 'மெர்ரி கிறிஸ்துமஸ்'தான் வேண்டும் என்றவர்கள் 32 சதவீதம்.

உங்கள் அலுவலக மின்னஞ்சலும் இந்த வகைதான். தனியார் நிறுவனத்தை முதல் திருத்தம் கட்டுப்படுத்தாது. பார்ட்டிக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்துக்கு 1964-ம் வருடத்துச் சிவில் உரிமைச் சட்டம் உண்டு, மதத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று. அந்தச் சட்டம் மரம் வைப்பதையோ வாழ்த்துச் சொல்வதையோ தடுக்கவில்லை. நானும் ஒரு தடவை அலுவலக விழாக் குழுவில் மாட்டிக்கொண்டேன். வரவேற்பறையில் வழக்கமான ஊசியிலை மரம், வழக்கமான நட்சத்திரம். 'ஹாலிடே மரம்' என்று எழுதி ஒட்டச் சொன்னார்கள். யாருக்காக இந்தப் பெயர் மாற்றமோ அந்த யூத நண்பர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது கிறிஸ்துமஸ் மரம். அப்படியே சொல்லுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. பெயரை மாற்றி, இது உன்னுடையதும்தான் என்று என்னிடம் சொல்லாதீர்கள், அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது" என்றார். சீட்டை நாங்கள் ஒட்டவில்லை.

நீங்கள் எப்படி வாழ்த்துவது? எதிரில் இருப்பவர் கொண்டாடுகிறார் என்று தெரிந்தால் 'மெர்ரி கிறிஸ்துமஸ்'. தெரியாவிட்டால் 'ஹாப்பி ஹாலிடேஸ்'. அவர் முதலில் சொல்லிவிட்டால் அதையே திருப்பிச் சொல்லிவிடுங்கள், வேலை முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள். அவர் வீட்டுப் புல்வெளியில் குடில் வைக்க எந்த நீதிமன்றமும் தடை சொல்லாது. மானும் வேண்டாம், கோமாளியும் வேண்டாம். தொல்லை வருவதென்றால் குடியிருப்போர் சங்கத்தில் இருந்து வரலாம், வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட விதிகளோடு. ஐடஹோவில் ஒரு குடும்பம் 2 லட்சம் விளக்குகள், பாடகர் குழு, உயிருள்ள ஒட்டகம் என்று ஐந்து நாள் கிறிஸ்துமஸ் நடத்தத் திட்டமிட்டது. சங்கம் எழுதிய கடிதத்தில் இங்கே கிறிஸ்தவர் அல்லாதவர்களும் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்துவிட்டது, வழக்கு. 2018-ல் நடுவர் குழு குடும்பத்துக்கு 75,000 டாலர் தரச் சொன்னது. 2019-ல் நீதிபதி, இது மதப் பிரச்சினை இல்லை, விளக்கும் கூட்டமும்தான் பிரச்சினை என்று அதை ரத்து செய்தார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குடில் மட்டும் வைக்கட்டும், ஒட்டகம் வேண்டாம்.